ஐந்து கண்ணாடி, இரண்டு கண்: ஒரு தையல்காரரின் வெள்ளெழுத்து

மஞ்சப்பையைத் தலைகீழாகக் கவிழ்த்தார். மேசை மேல் ஐந்து கண்ணாடிகள் விழுந்தன. ஒன்றில் பக்கத்துக் கம்பி உடைந்து, கறுப்பு நூலால் நெருக்கமாகச் சுற்றிக் கட்டியிருந்தது. அந்தக் கட்டைப் பார்த்ததுமே தொழில் தெரிந்துவிட்டது.

“எழுநூறு ரூவாய்க்கு மேல போயிருச்சு தம்பி. ஒண்ணுலயும் ஊசிக்காது தெரிய மாட்டேங்குது,” என்றார்.

பின்னால் நின்ற அவர் மனைவி சேர்ந்துகொண்டார்: “நூலை நான்தான் கோத்துக் குடுக்குறேன். அடுப்புல சட்டி இருக்கும்போதுதான் கூப்பிடுவாக.”

நான் மதுரையில் ஒரு கண்ணாடிக் கடையில் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து பவர் எழுதித் தருவது என் வேலை. கண் நோய்க்கு மருந்து தரும் மருத்துவர் அல்ல. கண்ணாடி விற்றால்தான் கடைக்கு வருமானம், எனக்குச் சம்பளம். இதையும் மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள். ‘ரோட்டோரத்தில் நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறதே, இங்கே எதற்கு ஆயிரம்?’ என்று வாரத்துக்கு நாலு பேராவது கேட்கிறார்கள். இந்த அண்ணன் வீட்டிலேயே அந்தக் கேள்விக்கு இரண்டு வேறு பதில்கள் கிடைத்தன. அவர் சம்மதத்தோடு, பெயரை விட்டுவிட்டு எழுதுகிறேன்.

அவர் சொன்னது

வயது 47. பதினெட்டு வயதிலிருந்து தையல். முதலில் அப்பாவோடு புது மண்டபத்தில், கல்தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்தார். இப்போது வீட்டின் முன்னறையே கடை. பேண்ட், சட்டை, ஜூன் மாதம் வந்தால் பள்ளிச் சீருடை.

இரண்டு வருடத்துக்கு முன் இன்ச் டேப்பில் எண்கள் மங்கத் தொடங்கின. “சாளேஸ்வரம் வந்துருச்சு, நாப்பது தாண்டுனா எல்லாருக்கும் வர்றதுதானே” என்று அவரே முடிவு செய்து, பஸ் ஸ்டாண்டு வாசலில் ஒரு கண்ணாடி வாங்கினார். அவர் முடிவு சரிதான். நாற்பதை ஒட்டிக் கிட்டப் பார்வை மங்கும் இந்த வெள்ளெழுத்து ஒரு நோய் அல்ல. கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் சிறு வயதில் நெகிழ்வாக இருக்கும்; கிட்டே பார்க்கும்போது உப்பி, பவரைக் கூட்டிக்கொள்ளும். வயது ஏற ஏற அது இறுகுகிறது. கண்ணாடி போட்டாலும் இறுகும், போடாவிட்டாலும் இறுகும். ‘கண்ணாடி போட்டுப் பழகினால் பவர் ஏறிவிடும்’ என்று தள்ளிப் போடுகிறவர்களுக்கு, ஏறுவது வயதால் என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் கண்ணாடியில் ஆறு மாதம் ஓடியது. அப்புறம் போதவில்லை. கடைக்காரர் அடுத்த நம்பரைக் கொடுத்தார். அதுவும் போதவில்லை, அதற்கடுத்த நம்பர். இப்படி ஐந்து. இப்போது சாயங்காலம் ஆனால் நெற்றிப் பொட்டில் வலி, பிடரியில் வலி. கறுப்புத் துணியில் கறுப்பு நூல் என்றால் மறுநாள் காலைக்குத் தள்ளிவைக்கிறார்.

இவ்வளவு சொல்லிவிட்டு, போகிற போக்கில் ஒன்று சொன்னார்: “ஒவ்வொரு கண்ணாடி போட்டா ஒவ்வொரு கண்ணை மூடத் தோணுது தம்பி.”

பரிசோதனை தொடங்கும் முன்பே பாதி விடை அந்த வாக்கியத்தில் வந்துவிட்டது. நான் அப்போது அதைக் குறித்துக்கொண்டேனே தவிர, முழுதாகப் புரிந்தது அரை மணி நேரம் கழித்துத்தான்.

மஞ்சப்பையில் இருந்தவை

லென்சோமீட்டரில் வைத்தால் ஒரு கண்ணாடியின் பவரும் தெரியும், லென்ஸின் மையம் எங்கே இருக்கிறது என்பதும் தெரியும். மையத்தில் மையால் ஒரு புள்ளி வைத்துக்கொள்வோம். ஐந்தையும் அவர் கைக்கு வந்த வரிசையில் வைத்தேன்.

முதலாவது +1.00, விலை 80 ரூபாய். பவர் சுத்தம், இரண்டு புள்ளிகளும் ஒரே மட்டத்தில். இரண்டாவது, நூல் கட்டு போட்டது, +1.50, மருந்துக் கடையில் 180. அதுவும் பழுதில்லை. மூன்றாவது +2.00, சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் 100 ரூபாய்க்கு வாங்கியது. நான்காவது +2.50. ஐந்தில் இதுதான் பளபளப்பு, உறையோடு 350 ரூபாய். “இதை மட்டும் பத்து நிமிஷம் போட முடியாது, குமட்டிக்கிட்டு வரும்” என்றார். புள்ளி வைத்துப் பார்த்தால் வலது லென்ஸின் மையத்தைவிட இடது லென்ஸின் மையம் 4 மி.மீ. கீழே இருந்தது.

ப்ளஸ் லென்ஸ் நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்திருக்கும். மையத்தை விட்டு விலகிப் பார்த்தால், கண்ணுக்கு முன்னால் ஒரு ஆப்பு வைத்த மாதிரி. பிம்பம் இடம் நகரும். எவ்வளவு நகரும் என்பதற்கு எளிய கணக்கு உண்டு: விலகலை சென்டிமீட்டரில் எடுத்து பவரால் பெருக்க வேண்டும். 0.4 பெருக்கல் 2.50, ஒன்று. அதாவது ஒரு மீட்டர் தூரத்தில் இருப்பது ஒரு சென்டிமீட்டர் மேலோ கீழோ நகர்ந்து தெரியும், அதுவும் ஒரு கண்ணுக்கு மட்டும். பக்கவாட்டில் இந்த அளவு நகர்ந்தால் கண்கள் சமாளித்துவிடும். மேலும் கீழுமாக நகர்ந்தால் சமாளிக்கத் திணறும். குமட்டலுக்குக் காரணம் அதுதான். எண்பது ரூபாய்க் கண்ணாடி ஒழுங்காக இருந்தது, முந்நூற்றைம்பது ரூபாய்க் கண்ணாடி கோணல். விலையை வைத்து எதையும் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைத்ததில்லை.

(வீட்டிலேயே இதைச் சோதிக்கலாம். கோடு போட்ட நோட்டின் மேல் நாலு விரற்கடை உயரத்தில் கண்ணாடியைப் பிடியுங்கள், ஒரு கண்ணால் நேர் மேலிருந்து பாருங்கள். லென்ஸுக்குள்ளும் வெளியிலும் முறியாமல் ஒரே நேராகப் போகும் கோடு எது என்று தேடுங்கள். இரண்டு லென்ஸிலும் அதே கோடாக இருந்தால் மையம் ஒரே மட்டம். இல்லையென்றால் அதை வாங்காதீர்கள்.)

ஐந்தாவது +3.00. இது வாங்கியதல்ல. “மாமனார் குடுத்தது. அவருக்கு இப்போ கண்ணாடியே வேண்டாமாம், எழுபத்தி மூணு வயசுல பேப்பரை வெறுங்கண்ணால படிக்கிறாரு” என்று பெருமையாகச் சொன்னார். அதையும் தாளின் ஓரத்தில் எழுதி வட்டம் போட்டுக்கொண்டேன்.

இன்ச் டேப்

வெள்ளெழுத்துக்குப் பவர் எழுதும்போது வயதைக் கேட்கிறோம். பொதுவாக நாற்பதில் +1.00, ஐம்பதை நெருங்கும்போது +1.50 முதல் +2.00, அறுபதில் +2.50 என்று ஒரு போக்கு உண்டு. ரோட்டோரக் கடைக்காரரும் அந்தப் போக்கை வைத்துத்தான் கொடுக்கிறார், அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் வயதைவிட முக்கியமான கேள்வி, எவ்வளவு தூரத்தில் வேலை என்பது.

அண்ணன் கழுத்திலேயே டேப் தொங்கியது. நாற்காலியில் உட்கார்ந்து மிஷின் ஓட்டுவது போலப் பாவனை செய்யச் சொன்னேன். கண்ணிலிருந்து ஊசி வரை 16 அங்குலம். காஜா எடுக்க, கையால் ஹெம்மிங் செய்ய 12 அங்குலம். நின்றுகொண்டு துணி வெட்டும்போது 26 அங்குலம். சென்டிமீட்டரில் 40, 30, 66.

பவர் என்பதும் தூரம்தான், தலைகீழாக எழுதிய தூரம். 100ஐ பவரால் வகுத்தால் சென்டிமீட்டர் வந்துவிடும். +3.00 போட்டால், தூரப்பார்வையில் குறையில்லாத கண்ணுக்கு 33 செ.மீ. வரைதான் தெளிவு. அதற்கு அப்பால் எல்லாம் மங்கல். எனவே மிஷின் ஊசி எட்டவில்லை, குனிகிறார். வெட்டும் மேசையில் இன்னும் குனிகிறார். பிடரி வலி அங்கிருந்து வந்தது.

+1.50 என்றால் 66 செ.மீ. வரை தெளிவு. சரி, அப்படியானால் 30 செ.மீ.யில் காஜா எப்படித் தெரியும்? நாற்பத்தேழு வயதுக் கண் முழுக்க இறுகிவிடவில்லை. மிச்சமிருக்கும் நெகிழ்வை வைத்து உள்ளே வரலாம். ஆக, பவர் குறையக் குறைய வேலை செய்யும் இடம் அகலமாகிறது. இது யாருக்கும் சட்டென்று நம்ப முடியாத விஷயம். தெரியவில்லை என்றால் பவரைக் கூட்டு என்றுதான் மனசு சொல்லும். கூட்டினால் எழுத்து பெரிதாகவும் தெரியும், அதனால் அந்த நிமிஷத்துக்கு நிம்மதியாக இருக்கும். கடையில் நின்று ஒரு பிட் நோட்டீஸை மூக்கருகே பிடித்துப் படித்துப் பார்த்து வாங்குகிறவர்கள் எல்லோரும் தேவைக்கு மேல் ஒரு நம்பர் வாங்குவது இதனால்தான்.

கண்ணை அளந்தபோது

வலது கண்ணைத் திறந்து இடதை மூடச் சொன்னேன். 6/6, அதாவது முழுப் பார்வை; கடைசி வரி வரை கடகடவென்று படித்தார். இடது கண்ணைத் திறந்ததும் நின்றுவிட்டார். “தம்பி, போர்டை மாத்திட்டீங்களா?” 6/12, அதாவது மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிப்பதை அந்தக் கண் 6 மீட்டரில்தான் படிக்கிறது. நாற்பத்தேழு வருடத்தில் வலது கண்ணை மூடி இடதால் மட்டும் எதையும் பார்த்ததே இல்லை அவர். இது அபூர்வம் இல்லை. ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் இன்னொன்றின் குறையை மூளை கண்டுகொள்ளாது.

ஊசி முனையளவு ஓட்டை போட்ட பரிசோதனைத் தகடு வழியாகப் பார்க்கச் சொன்னதும் இடது கண்ணும் தெளிந்தது. அதாவது குறை பவரில்தான், பெரும்பாலும் கண்ணின் உள்ளே அல்ல. முடிவு இப்படி வந்தது. வலது கண்ணுக்குத் தூரத்துக்கு எதுவும் வேண்டாம். இடது கண்ணுக்கு +1.25, அதோடு 1.00 சிலிண்டர். சிலிண்டர் என்றால் கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் ஒரே மாதிரி இல்லை என்று அர்த்தம். பந்து போல இல்லாமல் கோழிமுட்டை போல. இரண்டுக்கும் மேலே, கிட்டப் பார்க்க +1.50.

இப்போது அவர் சொன்ன வாக்கியத்துக்கு வருவோம். ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர், சிலிண்டர் கிடையாது. +1.50 போட்டால் வலது கண்ணுக்குச் சரி, இடதுக்குப் போதாது. இடதை மூடத் தோன்றும். +3.00 போட்டால் இடது கண் ஓரளவு பிடித்துக்கொள்ளும், வலதுக்கு அது அதிகம். வலதை மூடத் தோன்றும். எந்த நம்பரிலும் இரண்டு கண்ணும் ஒன்றுசேராது. ஐந்து கண்ணாடி அல்ல, ஐம்பது வாங்கியிருந்தாலும் இதே கதைதான். முதல் இரண்டில் வலது கண்ணை வைத்து ஓட்டியிருக்கிறார். போதவில்லை என்று அவர் உணர்ந்தது இடது கண்ணின் மங்கலை.

இன்னொன்றும் இருந்தது. கண்மணிகளுக்கு நடுவே உள்ள தூரத்தை பி.டி. என்போம். இவருக்குத் தூரம் பார்க்கும்போது 58 மி.மீ., கிட்டப் பார்க்கும்போது கண்கள் உள்நோக்கித் திரும்புவதால் 55. பையில் இருந்தவற்றில் லென்ஸ் மையங்களின் இடைவெளி 62, 63. ரெடிமேட் என்பது சராசரி முகத்துக்குச் செய்தது, சின்ன முகம் அதில் கணக்கில்லை. +1.00இல் இந்த வித்தியாசம் பொருட்டே இல்லை. +3.00இல் அதே வித்தியாசம் மூன்று மடங்கு உழைப்பைக் கேட்கும். மாலைத் தலைவலியில் இதற்கும் பங்கு உண்டு என்று நினைக்கிறேன். எவ்வளவு பங்கு என்று பிரித்துச் சொல்வது கஷ்டம்.

சர்க்கரையைப் பற்றிக் கேட்டேன். இரண்டு வருடத்தில் ஐந்து பவர் என்றால் அந்தச் சந்தேகம் வர வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் நீர் கோத்து, பவரும் ஏறி இறங்கும்; அப்போது அளந்து போடும் கண்ணாடி அடுத்த மாதம் பொருந்தாது. அவர் சோதித்ததே இல்லை. எனவே அன்று கண்ணாடி ஆர்டர் எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனைக்கும், கண் அழுத்தமும் கண் நரம்பும் பார்க்க ஒரு கண் மருத்துவமனைக்கும் எழுதிக்கொடுத்தேன். நாலு நாளில் திரும்பி வந்தார். சர்க்கரை இல்லை, அழுத்தம் 16, 17, நரம்பு நலம். அப்புறம்தான் பவர் எழுதினேன்.

யாருக்கு எது

அவருக்குக் கிட்டப் பார்ப்பதற்கு மட்டுமான கண்ணாடி: வலது +1.50, இடது +2.75, சிலிண்டரோடு. பி.டி. 55. தைக்கும்போது பார்வை கீழ்நோக்கியே இருப்பதால் லென்ஸ் மையத்தையும் சற்று இறக்கி வைக்கச் சொன்னேன். ஃபிரேமோடு 1,150 ரூபாய். மேலே தூரத்துக்கும் கீழே கிட்டத்துக்கும் பவர் இருக்கும் பைஃபோக்கல் வேண்டுமா என்று கேட்டார். வலது கண்ணில் தூரத்துக்குக் குறையே இல்லாதவருக்கு, உட்கார்ந்த இடத்தில் தைப்பவருக்கு, அது வீண். வாடிக்கையாளர் வந்தால் கண்ணாடிக்கு மேலாக நிமிர்ந்து பார்த்தால் போதும். மேலிருந்து கீழே பவர் படிப்படியாக மாறும் ப்ரோகிரசிவ் அதைவிட வீண். கிட்டப் பார்க்கும் பகுதி அதில் குறுகலானது, துணியின் அகலத்துக்குப் போதாது. ஐந்தாயிரம் ரூபாய்க்கு விற்றிருக்கலாம்தான்.

அவர் மனைவிக்கு வயது 44. கேஸ் புத்தகம், மாத்திரை அட்டை, கைபேசி, அரிசியில் கல். இதற்குத்தான் கண்ணாடி வேண்டும். இரண்டு கண்ணும் 6/6, சிலிண்டர் இல்லை, கிட்டத்துக்கு +1.00 போதும். மேசையில் கிடந்த முதல் கண்ணாடியை எடுத்துத் துடைத்துக் கொடுத்தேன். என்-6 எழுத்து, நம் பரிசோதனை அட்டையில் மிகச் சிறியவற்றில் ஒன்று, தடங்கலில்லாமல் படித்தார்.

“இதுக்கு எவ்வளவு தம்பி?”

“உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே குடுத்துட்டாரு அக்கா.”

கடை முதலாளி அன்று ஊரில் இல்லை.

மலிவுக் கண்ணாடி கண்ணைக் கெடுக்கும் என்று சொல்லி வியாபாரம் செய்கிறவர்களை எனக்குப் பிடிக்காது. பொருந்தாத கண்ணாடி தலைவலி தரும், குமட்டும், கழுத்தைப் பிடிக்கும். நடுவயதுக் கண்ணுக்கு நிலையான கேடு எதையும் செய்யாது. கண்ணாடியே இல்லாமல் இருப்பதுதான் பெரிய நஷ்டம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 751 தொழிலாளர்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு உடனே கண்ணாடி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018இல் லான்செட் குளோபல் ஹெல்த் இதழில் வந்தது. கண்ணாடி அணிந்தவர்கள் பறித்த இலையின் எடை மற்றவர்களைவிடச் சுமார் 22 சதவீதம் கூடுதலாக உயர்ந்திருந்தது. பங்களாதேஷில் 35 முதல் 65 வயதுள்ள 824 பேரிடம் செய்த இன்னொரு ஆய்வு 2024இல் வெளியானது. ரீடிங் கண்ணாடி கிடைத்தவர்களின் வருமானம் எட்டு மாதத்தில் மூன்றில் ஒரு பங்கு உயர்ந்தது. அந்த ஆட்களில் தையல், நெசவு செய்பவர்களும் உண்டு. உலகம் முழுவதும் 82 கோடிக்கு மேற்பட்டவர்கள் வெள்ளெழுத்துக்குக் கண்ணாடியில்லாமல் இருப்பதாக 2019இல் உலக சுகாதார நிறுவனம் கணக்குச் சொன்னது. அவர்கள் எல்லோரும் பி.டி. அளந்து காத்திருக்க வேண்டியதில்லை.

இந்த அண்ணனே டீக்கடை வைத்திருந்தால், ‘அந்த நூல் கட்டுக் கண்ணாடியையே போட்டுக்கோங்க’ என்று அனுப்பியிருப்பேன். வலது கண் பார்த்துக்கொள்ளும். ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் ஊசி முனையைப் பார்க்கிற தொழில் என்பதால்தான் இரண்டாவது கண்ணும் அவருக்கு வேண்டியிருக்கிறது.

அதற்குப் பிறகு

ஆறாம் நாள் வந்தார். முகம் சரியில்லை. “மிஷின் மேசை ஒரு பக்கம் சரிஞ்ச மாதிரி இருக்கு தம்பி.” எதிர்பார்த்ததுதான். இத்தனை வருடம் மங்கலாகக் கிடந்த இடது கண் திடீரென்று வேலைக்கு வந்தால், மூளைக்கு அது புது ஆள். பவரைச் சரிபார்த்தேன், எழுதியபடியே இருந்தது. இன்னும் ஒரு வாரம், தைக்கும்போது மட்டும் போடுங்கள், கழற்றிக் கழற்றி மாட்டாதீர்கள் என்று சொல்லி அனுப்பினேன். பத்தாம் நாள் சரிவு போய்விட்டது என்று போனில் சொன்னார். தலைவலி அதற்கு முன்பே நின்றிருந்தது.

ஊசிக்காது மட்டும் ராத்திரியில் தெரியவில்லை என்றார். வீடு என் வழியில்தான், ஒரு நாள் போய்ப் பார்த்தேன். அறையில் ஒரே ஒரு டியூப் லைட், அவர் முதுகுக்குப் பின்னால். ஊசி மேல் விழுவது அவர் தலையின் நிழல். மிஷினில் இருந்த சின்ன பல்பு எப்போதோ பீஸ் போயிருக்கிறது. வயது ஏற ஏறக் கண்மணி சுருங்குகிறது, உள்ளே போகும் வெளிச்சம் குறைகிறது. அறுபது வயதுக் கண்ணுக்குள் போவது இருபது வயதுக் கண்ணுக்குள் போவதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். 120 ரூபாய்க்கு வளையும் கழுத்து எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினார். இப்போது நூலை அவரே கோக்கிறார்.

மிச்சக் கண்ணாடிகளைப் பற்றி விசாரித்தேன். நூல் கட்டு போட்டது மேசை டிராயரில், அளவு நோட்டில் கையெழுத்துப் போட வரும் வாடிக்கையாளர்களுக்கு. கோணல் கண்ணாடியின் லென்ஸைக் கழற்றிவிட்டு, பையன் பள்ளி நாடகத்தில் வாத்தியார் வேஷத்துக்கு எடுத்துக்கொண்டான்.

“+3.00?”

“மாமனார்ட்டயே திருப்பிக் குடுத்துரலாம்னு பார்த்தேன். அவருதான் வேண்டாங்கிறாரே.”

வட்டம் போட்டு வைத்திருந்த விஷயம். எழுபது வயதுக்கு மேல் ஒருவருக்குக் கண்ணாடியில்லாமல் கிட்டப் பார்வை திரும்பி வந்தால், அது பெரும்பாலும் கண் புரையின் தொடக்கம். லென்ஸின் நடுப்பகுதி அடர்ந்து, பவர் மைனஸ் பக்கம் நகர்கிறது. பேப்பர் தெரியும், பஸ் போர்டு மங்கும். வீட்டில் எல்லோரும் அதிர்ஷ்டம் என்று நினைத்துக்கொள்வார்கள்.

“அண்ணே, மாமா பஸ் நம்பரை யார்ட்டயாவது கேட்டுத்தான் ஏறுறாரா?”

அவர் மனைவி உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். “ஆமா, அப்பா இப்போல்லாம் அப்படித்தான். ஏன் தம்பி?”

அடுத்த வாரம் கூட்டிக்கொண்டு போகிறார்கள், என்னிடம் இல்லை, நேராக கண் மருத்துவமனைக்கே.